வாலாஜாபேட்டை எந்த மாவட்டம்?

வணக்கம் சார்,

நான் குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜனவரியில் தோழிகளோடு சேர்ந்து ஒரு வாசிப்புச் சவாலில் இறங்கினேன். மாதம் ஒரு தலைப்பு, தலைப்புக்கு ஒரு புத்தகம். பெண் எழுதிய நாவல், மொழிபெயர்ப்பு, 500 பக்கத்துக்கு மேற்பட்டது, பெயரில் நிறம் வருவது, இப்படி. இந்த மாதத் தலைப்பு 'சொந்த மாவட்டத்தில் நடக்கும் கதை'. மு.வ.வின் 'அகல் விளக்கு' படித்தேன். முடித்த பிறகு வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆனால் குழுவில், வாலாஜாபேட்டை இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், நீங்கள் வேலூர் மாவட்டம், அதனால் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் வீணாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் படிக்கிற மாதிரி, வேலூர் மாவட்டத்தில் நடக்கும் சின்னப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள். ஒலிநூலாகக் கேட்டால் படித்ததாகச் சொல்லலாமா? இப்படித் தலைப்பு வைத்துப் படிப்பது நல்லதுதானா?

ச.

அன்புள்ள ச.,

ஒலிநூல் கேட்கலாம், தாராளமாகக் கணக்கில் சேர்க்கலாம். வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும் என்றால் உங்கள் பக்கத்து ஊர் பேரணாம்பட்டுக்காரர் அழகிய பெரியவன் இருக்கிறார். 'தகப்பன் கொடி' படியுங்கள். ஆனால் மாதக் கடைசிக்குள் ஓட்டிவிடுவதற்காக அதைத் தொடாதீர்கள். அது அப்படிப் படிக்கிற நாவல் அல்ல.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. ஒரு நாவல் உங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது, வேறு எதிலும் மனம் போகவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். நாலு வரி தள்ளி 'இந்த மாதம் வீணாகிவிட்டது' என்கிறீர்கள். எப்படி அம்மா மனசு வந்தது? வேலய்யன் தன் சிநேகிதன் சந்திரனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவ்வளவு அறிவும் அழகும் உள்ள ஒருவன் சரிந்துகொண்டே போவதைக் கூட இருந்து பார்த்திருக்கிறீர்கள். வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் தடம் மாறுவதைத் தினம் பார்க்கக்கூடிய வேலை உங்களுடையது. அந்த நாவல் உங்களிடம் என்ன பேசியது என்று ஒரு வரி இல்லை. குழு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு பத்தி இருக்கிறது. ஒரு பையன் கணக்கைப் புரிந்துகொண்டு போட்டு, தேதி எழுத மறந்தால் முட்டை மதிப்பெண் போடுவீர்களா?

சரி, மாவட்டத்துக்கு வருவோம். கொஞ்ச நாளாக என் தலையில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

'சொந்த மாவட்டம்' என்று தலைப்பு வைத்த உங்கள் தோழியைக் கேளுங்கள், எந்த வருஷத்து மாவட்டம் என்று. 1911க்கு முன்னால் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். திருப்பதியும் காளஹஸ்தியும் நம் மாவட்டம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் போன பிறகுதான் வேலூர் தலைநகரானது. 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. அப்புறம் வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது. 2019இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மு.வ. வாலாஜாபேட்டைப் பக்கத்து வேலம் கிராமத்துக்காரர். இளமையில் வேலை பார்த்தது திருப்பத்தூரில். இன்றைய கணக்குப்படி அவர் ஒரு மாவட்டத்துக்காரர், வேலை பார்த்தது இன்னொரு மாவட்டம், இரண்டும் உங்கள் மாவட்டம் இல்லை. நாவலுக்கு 1961இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது மூன்றும் ஒரே மாவட்டம். கலெக்டர் ஆபீசுக்குப் போக எந்த பஸ் ஏறுவது என்பதற்கு இந்தக் கோடு உதவும். ஒரு நாவல் எனக்குச் சொந்தமா இல்லையா என்று முடிவு செய்யும் வேலையை அந்தக் கோட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

நம் ஊர்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு, வாலாஜாபேட்டை என்று போகிறது. உங்கள் குடியாத்தத்தின் நடுவே ஓடும் கவுண்டன்யா ஆறு, மோர்தானா அணையைத் தாண்டி வந்து, போய்ச் சேருவது எதில்? பாலாற்றில்தான். ஆக உங்கள் ஊர்த் தண்ணீர் வாலாஜாபேட்டைக்குப் போகலாம், உங்கள் வாசிப்பு மட்டும் போகக்கூடாதா?

என் அத்தை ஆற்காட்டிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். அவர் வீட்டுக் கிணறு நான் சின்னப் பையனாக இருந்தபோது குடிக்க நன்றாக இருந்தது. பிறகு தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி மெல்ல மெல்லக் கெட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. துணி துவைத்தால் நுரை வராது. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பிறந்த வீட்டுச் சீர் மாதிரி ஒரு கேன் தண்ணீர் கொண்டுபோவார். கண்டக்டர் லக்கேஜ் போடுவேன் என்பார், அத்தை விடமாட்டார். அதே நேரம் அவருடைய மூத்த மகன் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களின் கல்யாணம் நடந்தது. அத்தை கம்பெனியைத் திட்டுவார், மகன் தட்டில் சோறு போடும்போது வாயை மூடிக்கொள்வார். இதைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. தேடித் தேடித்தான் படித்தேன். அந்தத் தேடலை நான் தலைப்பு வைத்த வாசிப்பு என்று ஒத்துக்கொள்வேன். பெயரில் நிறம் வரும் புத்தகம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சிவப்பு என்று ஒரு நாவல், பச்சை என்று ஒரு நாவல், இரண்டும் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்ளும்?

தலைப்பு வைத்துப் படிப்பது நல்லதா என்று கேட்டீர்கள். ஒரு புத்தகத்தைப் படித்து எழும் சந்தேகத்தை அடுத்த புத்தகத்திடம் கொண்டுபோய்க் கேட்க முடிந்தால் நல்லது. உங்கள் சவாலில் ஒவ்வொரு மாதமும் முந்தின மாதத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள்.

மிச்சமுள்ள மாதங்களுக்குப் பாலாறு என்று ஒரே தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள். நாவல் படித்தாயிற்று. அடுத்து வட ஆற்காடு மாவட்ட மேனுவல், அதாவது மாவட்டத்தைப் பற்றி வெள்ளைக்கார அரசு தொகுத்த விவரக் கையேடு. காக்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்து 1881இல் வந்தது, பிறகு ஸ்டூவர்ட் திருத்தி விரிவாக்கினார். ஆங்கிலம்தான், இணையத்தில் ஸ்கேன் பிரதி கிடைக்கிறது. ஏரி, கால்வாய், பயிர் பற்றிய பக்கங்களைப் படியுங்கள். மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடும் ஆறு இது. மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோன ஊர்கள் நம்முடையவை. மணல் போனால் ஊற்று போகும் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும். சாதிகளைப் பற்றி அதில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நிலவரி வசூலிக்க வந்தவர்களின் கண் அது.

அதன் பிறகு ஒரு தீர்ப்பு. இதைப் புத்தகம் இல்லை என்று உங்கள் குழு தள்ளினால் தள்ளட்டும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்னது அது. சட்டக் கல்லூரிகளில் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் 'வேலூர்' என்ற பெயரோடு அதைப் படிக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பேர் படித்தோம்? ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் வருகிறது. தோல் தொழிற்சாலைகள் உள்ள வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதை, வேலூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வைக் காட்டிச் சொல்கிறது. அதைப் படித்த அன்று என் அத்தையின் கேன் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அவர் புலம்பியது நீதிமன்றத்தின் பக்கத்தில் எண்ணாக இருந்தது. அத்தனை தொழிற்சாலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்ட இடத்தில் மாவட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார்கள். முதல் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர். இன்று வரைபடத்தில் இல்லாத மாவட்டம். உங்கள் குழுவின் விதிப்படி இந்தத் தீர்ப்பும் உங்களுக்குச் சொந்தமில்லை!

1806 கோட்டைக் கலகத்தைப் பற்றி யாராவது உங்களுக்குச் சிபாரிசு செய்வார்கள். படியுங்கள், ஆனால் வேலூர் என்றாலே அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் மேல் எனக்குப் பொறுமை குறைவு.

குழுவில் சண்டை போட வேண்டாம். கோடு போட்டுப் படிக்கிறவர்களும் படிக்கிறவர்கள்தான், நம் ஊரில் பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படிப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். இந்த மாதக் கட்டத்தில் 'அகல் விளக்கு' என்றே எழுதுங்கள், அழிக்காதீர்கள். தீர்ப்பில் தொழிலாளிகளைப் பற்றி என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். என் அத்தை மகன் அதில் எங்கே நிற்கிறான் என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். சின்னக் கடிதமாக வேண்டாம்.

அன்புடன்.