வேலை கிடைக்கவில்லை, சொந்தத் தொழில் தொடங்கலாமா? (மலேசிய வாசகர்களின் கேள்வி பதில்)

செந்தூல் வாசகர்: டிப்ளோமா முடித்து எட்டு மாதமாகிறது. விண்ணப்பம் போட்டு அலுத்துவிட்டது. பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. பேசாமல் கடை போட்டுவிடலாமா?

மனம் நொந்திருக்கும்போது எடுக்கிற முடிவாகத் தொழில் இருக்கக் கூடாது தம்பி. முதலில் எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பாருங்கள். அழைப்பே வரவில்லை என்றால் கோளாறு ரெசுமியில். நேர்முகத்துக்குப் பிறகு நின்றுபோனால், பேசும் விதத்திலோ சம்பள எதிர்பார்ப்பிலோ இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

"கணக்குப் பிரிவில் உதவினேன்" என்ற வரி யாரையும் நிறுத்திப் படிக்க வைக்காது. எந்த மென்பொருள், மாதம் எத்தனை பில், எந்த அறிக்கை என்று எழுதுங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, கட்டம், படம் வைத்த ரெசுமியைச் சில நிறுவனங்களின் கணினி சரியாகப் படிக்காது. மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் போடுங்கள். நிராகரித்தவர்களிடம் "எதில் குறை இருந்தது?" என்று இரண்டு வரியில் கேளுங்கள். பலர் பதில் தரமாட்டார்கள். தருகிற ஒருவரின் பதில், தோழர்கள் பத்துப் பேர் சொல்லும் ஆறுதலைவிட உதவும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: அண்ணே, தொழிற்சாலையில் ஆள் குறைக்கிறார்கள். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், பேர் கெடாது" என்கிறார் எச்.ஆர். ஆறு வருட சர்வீஸ்.

எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு தாளில் இரண்டு உரிமை போய்விடும்.

ஒன்று, ஆள் குறைப்பு இழப்பீடு. 1980 விதிமுறைப்படி, ஓராண்டு முடித்தவர்களில் இரண்டு ஆண்டுக்குக் குறைவானவர்களுக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்துக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். உங்களுக்கு 120 நாள் சம்பளம் வரவேண்டும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டினால் இந்த விதி பொருந்தாது, ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதி. வேலை போனவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும்: சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு இரண்டு மாதம் 40, தகுதி இருந்தால் மேலும் இரண்டு மாதம் 30. தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடைக்காது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலர் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தே இந்தக் கெடுவை விட்டுவிடுகிறார்கள், அதுதான் வேதனை. மாதாமாதம் வாங்கிய சம்பளத்திலிருந்து நீங்கள் கட்டிய பணம் இது.

மிரட்டி ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், தொழில் உறவுத் துறையிடம் புகார் கொடுங்கள். அதற்கும் 60 நாள்தான்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: ஒரு செட் முறுக்கு போட்டால் 12 பாக்கெட், தலா 5 வெள்ளி. கடைக்கு 20 விழுக்காடு கமிஷன். நல்லா ஓடுது, ஆனா கையில நிக்கலையே?

நீங்கள் தந்த செலவை வைத்தே போட்டுப் பார்ப்போம் அக்கா. வரவு 60. கமிஷன் 12, மாவு எண்ணெய் ஓமம் 19, கேஸும் பாக்கெட்டும் 8, பெட்ரோல் டோல் 5. மிச்சம் 16. சுடுவதற்கு மூன்று மணி நேரம், கடைக்குக் கொண்டுபோய் வர ஒன்று. மணிக்கு 4 வெள்ளிதான் தேறுகிறது. நாட்டின் குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 8.72 வெள்ளி.

அதனால் ஒரே நாளில் இரண்டு செட் போட்டு, அடுக்குமாடி ஆட்களிடம் முன்பணத்தோடு ஆர்டர் எடுத்து, வீட்டுக்கே வந்து வாங்கிப் போகச் சொல்லுங்கள். அப்போது 120-இல் மிச்சம் 66, ஆறு மணி நேரத்துக்கு மணிக்கு 11. கடை ஆர்டரை மொத்தமாக விடவேண்டாம். கமிஷனைச் சேர்த்து விலையை ஏற்றிக் கொடுங்கள்.

முறுக்கு நன்றாக ஆறிய பிறகே பாக்கெட்டில் போடுங்கள். லேசான சூடு இருந்தாலும் உள்ளே நீர் கோத்து இரண்டாம் நாள் நமத்துவிடும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். திரும்ப வருகிற பாக்கெட்டும் செலவுதான், எழுதி வையுங்கள். டைபாய்டு ஊசியும் உணவு கையாளுநர் பயிற்சியும் கட்டாயம்.

பட்டர்வொர்த் வாசகர்: ஏர்கோன் (ஏசி) சர்வீஸ் தெரியும். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனில் கடன் எடுத்து ஆரம்பிக்கலாமா?

முதலில் தொழில்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் பதியுங்கள்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிவு அவசியம். சொக்சோ உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால், பதிவதற்கு முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

இந்தியச் சமூகத்துக்கு தெக்குனின் ஸ்பூமி திட்டம் இருக்கிறது, பெண்களுக்கு அமானா இக்தியார் என்ற சிறுகடன் நிறுவனத்தின் பென் திட்டம். இரண்டும் கடன், இலவசப் பணம் அல்ல. வாடிக்கையாளரே இல்லாமல் கடன் எடுத்தால் முதல் தவணையை வீட்டுச் செலவிலிருந்துதான் கட்டுவீர்கள். இருக்கிற கருவிகளோடு வார இறுதியில் வேலை செய்து, மூன்று மாத வரவு செலவைத் தனி வங்கிக் கணக்கில் காட்டுங்கள். அதற்குப் பிறகும் கருவிதான் குறை என்றால், அந்தக் கருவியின் விலைக்கு மட்டும் கடன் எடுங்கள்.

வருமான வரிக்கு இனி தொழில் செய்பவர்களுக்கான பி பாரம், கெடு ஜூன் 30. பில்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். இபிஎஃப் என்ற ஓய்வூதியச் சேமிப்பு நிதியில் நீங்களாகவே கட்டலாம். அதன் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால் அரசு ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடும். ஏணி ஏறுகிற வேலை உங்களுடையது, சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ காப்புறுதியை முதல் மாதமே எடுத்துவிடுங்கள்.