படகை விற்று சிங்கப்பூர் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. பாம்பனில் கடல்பாசி எடுக்கப் போகிறவர். மார்பில் இருந்த கட்டியைச் சோதித்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். பணக்கார நாடுகளில் பிழைப்பவர்கள் அதிகமாமே? சிங்கப்பூர் மாமா அங்கே கூட்டி வரச் சொல்கிறார். விசைப்படகில் உள்ள எங்கள் பங்கை விற்றுவிடலாமா? அப்பாவோ, "இன்னும் ரெண்டரை மாசத்துல மீன்பிடித் தடைக்காலம் வந்துரும், அப்ப பார்த்துக்கலாம்" என்கிறார்.

பதில்: தம்பி, பங்கை விற்க வேண்டாம். தடைக்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த இரண்டில் எனக்கு அதிகப் பயம் தருவது காத்திருப்பதுதான்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2010-14இல் மார்பகப் புற்று கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் அமெரிக்காவில் 100க்கு 90 பேர். இந்தியாவில் 66 பேர். 2024இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இன்னும் கசப்பானது. வளர்ச்சியில் உச்சத்தில் உள்ள நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது, 71 பெண்களில் ஒருவர் இதனால் இறக்கிறார். அடிமட்டத்தில் உள்ள நாடுகளில் 27 பெண்களில் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48 பெண்களில் ஒருவர் இறந்துபோகிறார்.

ஆனால் செலவு ஏற ஏற உயிர் பிழைப்பதும் ஏறிக்கொண்டே போவதில்லை. நாட்டு வருமானத்தில் அமெரிக்கா சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது, ஜப்பான் 11 சதவீதம். மார்பகப் புற்றில் இரண்டு நாட்டுக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்தப் பணம் வாங்கித் தருவது பெரும்பாலும் காலத்தை. கட்டி சிறிதாக இருக்கும்போதே மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே, கட்டியில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் தாமதமில்லாத முடிவு, நடுவில் நின்றுபோகாத கீமோ என்னும் புற்று மருந்துச் சிகிச்சை. நம் கரையில் நடப்பது வேறு. இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையிடுக்கில் மூச்சடக்கிப் பாசி பறிக்கிறவருக்கு வலிக்கிற இடங்களே ஏகப்பட்டது இருக்கும். வலிக்காத கட்டியை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

காலத்தை வாங்கப் பணக்கார நாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2000க்குப் பிறகு நம் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைச் சோதித்தார்கள். ஏழே ஆண்டுகளில், சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிடக் கருப்பைவாய்ப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைவாக இருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம், இது ஏன் எல்லாக் கடலோரக் கிராமத்திலும் வழக்கமாகவில்லை என்று மனம் கொதிக்கும்.

இப்போது அம்மா விஷயம். அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்த வாரமே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, ஆய்வகத்தில் இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் திசுவில் செய்யும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 என்ற இரண்டு சோதனைகளும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மருந்தைத் தீர்மானிப்பது அவைதான். "முதலில் கட்டியை வெட்டி எடுத்துவிடலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில நிலைகளில் கீமோ முதலில், கத்தி பிறகு.

அடிப்படை கீமோ மருந்துகள் சிங்கப்பூரிலும் மதுரையிலும் ஒன்றேதான். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கார்டு இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் பதியுங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

காப்பீடு பார்க்காத செலவு ஒன்று உண்டு: பஸ், மதுரையில் தங்குவது, கூடப் போகிறவரின் கூலி இழப்பு. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல மாதம் ஓடும். பாதியில் நிற்பவர்களில் பலர் இந்தச் செலவில்தான் நிற்கிறார்கள். படகுப் பங்கில் வரும் வருமானம் அதற்கு வேண்டும், அதனால்தான் விற்காதீர்கள் என்கிறேன். மாமாவுக்கு உதவ மனமிருந்தால் மாதாமாதம் இதற்கு அனுப்பட்டும்.

கீமோ ஓடும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், கீமோ நடக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள்.