உப்புநீர் மிளகாயில் வெள்ளைப் படலம்

வணக்கங்க. மாடித்தோட்டத்து மிளகாயை உப்புநீரில் புளிக்கப் போட்டதில் வெள்ளைப் படலம் பிடித்து, நாலே நாளில் கொழகொழத்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு நீங்கள் போட்ட 2 டீஸ்பூன் உப்பு சென்னை வெயிலுக்குப் பத்தாது. மிளகாய் கொழகொழத்தது அதனால்தான். கொழகொழத்துவிட்டதால் ஜாடியில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். தயவுசெய்து ருசி பார்க்க வேண்டாம்.

அடுத்த முறை லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பு, எடைபோட்டு. மெட்ரோ குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். மிளகாயைக் கீறுங்கள், கீறாவிட்டால் உள்ளே காற்று தங்கி மிதக்கும், மிதப்பதில்தான் படலம் பிடிக்கும். மேலே சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து அமுக்குங்கள்.

தினம் பறிக்கிற நாலைந்தை அதே ஜாடியில் சேர்க்காதீர்கள், உப்பு நீர்த்துப்போகும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுங்கள். புளித்ததும் ஜாடியும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

மிளகாய் கொழகொழக்காமல் வெறும் வெள்ளைப் படலம் மட்டும் என்றால் வழித்தெடுத்தால் போதும். பஞ்சுபோலப் பச்சையோ கறுப்போ பூத்தால் எல்லாவற்றையும் கொட்டத்தான் வேண்டும்.