காவடி இருக்கட்டும், காலைக் காட்டுங்கள்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 58 வயது. மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊரில் மகன், மருமகள், பேரனோடு இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் பிழைத்து எழுந்தபோது, மூன்று தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு மருமகள் குறுக்கே நிற்கிறாள். என் இடது பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். எப்படி வந்தது என்றே தெரியவில்லை. மூன்று வாரமாக மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடுகிறேன். வலி கொஞ்சமும் இல்லை. சர்க்கரை பதினோரு வருஷமாக இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். டிஸ்பென்சரி அடுத்த தெருவில்தான். காவடி முடிந்ததும் போகிறேன் என்றால் அவள் கேட்பதில்லை, மகனிடமும் சொல்லிச் சண்டை மூட்டிவிட்டாள். போன மாதம் சந்தையிலிருந்து வரும்போது ஒரு செருப்பு எங்கோ கழன்று போய், ஒற்றைச் செருப்போடு பஸ் நிறுத்தம் வரை நடந்திருக்கிறேன். பேரன் சொல்லித்தான் பார்த்தேன், எல்லாரும் சிரித்தோம். அதற்கும் அவள், "அத்தை, டாக்டரிடம் போகலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மறதி நோய் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. என் அம்மாவுக்கும் சர்க்கரைதான். கடைசியில் காலை எடுத்தார்கள், நான்தான் நான்கு வருஷம் பார்த்துக்கொண்டேன். நேற்று வந்தவளுக்கு என் நேர்த்திக்கடனைத் தடுக்க என்ன உரிமை? அவளுக்கு நீங்கள் புத்தி சொல்ல வேண்டும்.

பதில்: தங்கச்சி, உங்கள் மருமகளுக்குச் சொல்ல என்னிடம் புத்தி எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் உங்களுக்குத்தான்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மருமகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. செருப்பைப் பற்றி மூன்று வரி, அதுவும் சிரிப்புக் கதையாக. நான் அந்த மூன்று வரியை விட்டு நகரவில்லை. கோடை வெயில், தார் ரோடு, இரண்டு கையிலும் காய்கறிப் பை. ஒரு செருப்பு கழன்றால் அடுத்த அடியிலேயே யாருக்கும் தெரிந்துவிடும். தார் சுடும், பொடிக்கல் குத்தும். அதை விடுங்கள், ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் நடை நொண்டும். சின்னக் குழந்தைகூட "ஐயோ" என்று நின்றுவிடும். நீங்கள் பஸ் நிறுத்தம் வரை நடந்திருக்கிறீர்கள். பேரன் சொல்லாவிட்டால் வீடு வரைக்கும் அப்படியே போயிருப்பீர்கள்.

இதற்கு மறதி என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள், உங்கள் மருமகளும் வைத்திருக்க மாட்டாள். அந்தப் பாதத்தில் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது என்று நான் சந்தேகப்படுகிறேன். அவளும் அதைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்தபோது சிரிக்காமல் இருந்தவள் உங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்பையும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பொடிக் குழாய்களையும் கெடுக்கும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதம் வரை ஓடுபவை, அதனால் முதலில் அடிபடுவதும் அவைதான். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்தல் என்று சத்தம் போட்டுக்கொண்டு வரும். சிலருக்குச் சத்தமே இல்லாமல் மரத்துப் போகும். "வலி கொஞ்சமும் இல்லை" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது அந்த வரிதான். பாதத்தின் அடியில் மூன்று வாரப் புண் வலிக்க வேண்டும். வலித்திருந்தால் நீங்கள் நொண்டியிருப்பீர்கள், காலை மாற்றி ஊன்றியிருப்பீர்கள், அந்த இடத்துக்கு ஓய்வு கிடைத்திருக்கும். வலி இல்லாததால் ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் முழு எடையையும் வைத்து அழுத்துகிறீர்கள். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேடுதான் நடக்கும்போது அதிகம் அழுந்துகிற இடம். எப்படி வந்தது என்று தெரியவில்லை என்கிறீர்கள். செருப்பு போனதே தெரியாத காலுக்குப் புண் வந்தது மட்டும் எப்படித் தெரியும்?

மஞ்சளை நான் பழிக்கவில்லை, என் வீட்டு ரசத்திலும் அது இருக்கிறது. ஆனால் எண்ணெயில் குழைத்து அப்பினால் புண்ணின் ஆழமும் நிறமும் மறைந்துபோகும். மேலே காய்ப்புக் காய்த்து, அடியில் சீழ் எலும்பு வரை போயிருந்தாலும் மேலே பார்ப்பவருக்குத் தெரியாது.

மொரீஷியஸில் இந்தக் கடிதம் எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. அரசாங்கம் 1987 முதல் சில வருஷங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்துப் பார்க்கிறது. 2021 கணக்குப்படி 25 முதல் 74 வயதுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. கல்யாண வீட்டில் ஏழு கறி வாழையிலைப் பந்தியில் உங்களுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். அதனால்தானோ என்னவோ, அதை ஜலதோஷம் மாதிரிப் பேசப் பழகிவிட்டோம். "எனக்கும் இருக்கிறது, உனக்கும் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டிப் பாயசம். எனக்கு வரும் கடிதங்களிலும் "அப்புறம் போகிறேன்" என்பதற்கு ஒரு நல்ல காரியம் எப்போதும் தயாராக இருக்கும். மகள் கல்யாணம், பேரன் பரீட்சை, வீட்டு மாடி கட்டி முடியட்டும். உங்களுக்குக் காவடி.

உண்மையான காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குக் காலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் உங்கள் காலையும் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். ஒன்று கேட்கிறேன், பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். அம்மாவின் கால் புண்ணை முதலில் பார்த்த அன்று அவரை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களா? இல்லை, அவரும் "இது முடியட்டும், அது முடியட்டும்" என்றாரா? சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எடுப்பதில் பெரும்பாலானவை ஒரு சின்னப் புண்ணில் தொடங்கியவை. சீக்கிரம் வந்து காட்டிய புண்ணைக் கழுவி, சுத்தம் செய்து, கட்டி, அந்த இடத்தில் உடம்பின் எடை விழாமல் பார்த்து ஆற்றுகிறார்கள். கறுத்துப்போன விரலோடு கடைசியில் வருபவருக்குத்தான் அறுப்பதைத் தவிர வழி இருப்பதில்லை. அதை மட்டும் தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆறிய புண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்புறம் அந்த நான்கு வருஷம். ராத்திரியில் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தது, கட்டு மாற்றியது, குளியலறைக்குத் தாங்கிக் கொண்டுபோனது எல்லாம் நீங்கள். மனதாரச் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களுக்கு அந்த நிலை வந்தால் யார் செய்வார்கள்? மகன் வேலைக்குப் போய்விடுவான். பேரன் பள்ளிக்கூடம். "நேற்று வந்தவள்" என்கிறீர்களே, அவள்தான் செய்வாள். நாளைக்கு உங்களைத் தூக்கப் போகிறவளுக்கு இன்றைக்கு "காலைக் காட்டுங்கள் அத்தை" என்று சொல்ல உரிமை இல்லையா? எனக்குக் கோபம் வருகிறது, தங்கச்சி. குடும்பம் என்று ஒன்று இருந்தால் அதில் மூத்தவளுக்கு மரியாதை உண்டு, நான் அதில் பழைய காலத்துக்காரி. ஆனால் மூத்தவள் தன் உடம்பைப் பிள்ளைகளிடம் மறைத்து வைக்கிற உரிமையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைசியில் அந்தச் சுமை முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அவள் உங்கள் மகனிடம் சொன்னதைச் சண்டை மூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லாமல் இருந்திருந்தால்தான் அவளைத் திட்டி நான் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

சரி, முருகனுக்கு வருவோம். நேர்த்திக்கடனை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில் குளித்து, அலகு குத்தி, மத்தியான வெயிலில் வெறுங்காலோடு போவது என்ன என்று எனக்குத் தெரியும். ஆணிச் செருப்பில் நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வலி தெரியும், அதைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள். உங்கள் கால் அந்தச் சூட்டை உங்களுக்குச் சொல்லாது. தோல் வெந்து உரிந்த பிறகு வீட்டில் கழுவும்போதுதான் பார்ப்பீர்கள், அதுவும் திறந்த புண்ணில் ரோட்டு மண்ணோடு. பத்து நாள் விரதம் வேறு. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அடியோடு இறங்கி மயக்கம் போடும். மாத்திரையை நிறுத்தினால் ஏறிக்கொள்ளும், புண் ஆறாது.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருஷம் காவடி எடுப்பீர்களா? மாட்டீர்கள். தீட்டு கழியட்டும் என்று அடுத்த தைப்பூசத்துக்குத் தள்ளி வைப்பீர்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சாவுக்காகக் காத்திருக்கிற முருகன் புண்ணுக்காகக் காத்திருக்க மாட்டானா? கோயில் குருக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இந்த வருஷம் உங்கள் பெயரில் மகனே பால்குடம் எடுக்கட்டும். பிழைத்தவன் அவன்தானே.

இனி செய்ய வேண்டியது. இதைப் படிக்கிற அன்றைக்கே எண்ணெயை நிறுத்துங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, சுத்தமான கட்டுத்துணியால் மூடுங்கள். வெந்நீரில் ஊற வைக்கக் கூடாது, சூடு தெரியாத காலுக்கு அது ஆபத்து. காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். அந்தக் காலை ஊன்றி நடப்பதை முடிந்த மட்டும் குறையுங்கள். மறுநாள் காலை டிஸ்பென்சரி. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல், வீக்கம், கறுப்பு என்று ஏதாவது தெரிந்தாலோ காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ராத்திரியே காந்தோஸ் விக்டோரியா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், அந்தச் சாக்கும் உங்களுக்கு இல்லை.

அங்கே நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்தி "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுங்கள், பார்த்துச் சொல்லாதீர்கள். பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்து ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். புண் ஆழமாக இருந்தால் எலும்புக்கு எக்ஸ்ரே. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? கடிதத்தில் இல்லை, அதையும் கேளுங்கள். பதினோரு வருஷச் சர்க்கரைக்குக் கண்ணையும் பார்த்தாக வேண்டும். மோக்காவில் பாரதியார் பெயரிலேயே கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போகச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் புண்ணை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். செருப்புக் கதையையும் சொல்லுங்கள், சிரிக்காமல். மாத்திரை டப்பாவை எடுத்துப் போங்கள், மருமகளையும் கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்வதில் பாதியை நீங்கள் வீட்டில் வந்து சொல்ல மாட்டீர்கள்.