வயலுக்கு அடியில் புதைத்த குழாயைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வேளாண் பொறியியல் முடித்த மகளுக்கு அமெரிக்காவின் அயோவாவில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது, ஆய்வுத் தலைப்பு நிலத்தடி வடிகால் மாடலிங் என்று எழுதியிருந்தீர்கள், ஐயா. "தண்ணிக்குத் தவிக்கிற ஊர்ல பிறந்தவளுக்குத் தண்ணியை வெளியேத்துற படிப்பா?" என்ற உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அங்கே நிலைமை தலைகீழ். அயோவாவின் வட-நடுப் பகுதியில் பெருமளவு நிலம் ஒருகாலத்தில் ஈரச் சதுப்பு. சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் குழாய் புதைத்து நீர்மட்டத்தை இறக்கிய பிறகுதான் மக்காச்சோளமும் சோயாவும் செழித்தன. முன்பு சுட்ட மண் குழாய், இப்போது துளையிட்ட பிளாஸ்டிக். வம்பும் அதிலேயே இருக்கிறது. வயல் மண்ணிலும் உரத்திலும் உள்ள, குடிநீரைக் கெடுக்கும் நைட்ரேட் அந்தக் குழாய் வழியே நேராக ஓடைக்குப் போய், மிசிசிப்பி ஆற்றோடு மெக்சிகோ வளைகுடா வரை சேர்கிறது. அயோவாவின் தலைநகரான டெமாய்னின் குடிநீர் வாரியம், ஆற்றின் மேல்பகுதியில் இந்த வடிகால்களை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்புகளான வடிகால் மாவட்டங்கள்மீது 2015-ல் வழக்கே போட்டது. 2017-ல் அது தள்ளுபடியானது, பிரச்சினை அப்படியே நிற்கிறது.

குழாய் போட்டால் வெள்ளம் கூடுமா, குறையுமா? களிமண்ணில் இரண்டு மழைக்கு நடுவே மண் வடிந்து அடுத்த மழைக்கு இடம் விடுவதால், ஓடையின் உச்ச ஓட்டம் பெரும்பாலும் குறையும். நீர் எளிதில் இறங்கும் மண்ணில் குழாய் வேகமாகக் கடத்திவிடுவதால் கூடவும் செய்யும். பழைய குழாய்கள் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. அதனால்தான் ஒரு வயலுக்கு டிரெயின்மாட், முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஸ்வாட் என்று கணினி மாதிரிகளை நம்ப வேண்டியிருக்கிறது.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்க மத்திய அரசின் வேளாண், நிலவியல் துறை வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே. மிச்சம் கன்சல்டிங் நிறுவனங்களும் பல்கலைக்கழக ஆய்வும்தான். ஊர் திரும்பினால் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆய்வு நிறுவனம் இதே வடிகாலை உவர் நிலத்துக்குப் பயன்படுத்துகிறது; அங்கே இடங்கள் குறைவு. என் கணக்கில் குழாய் வெறும் தலைப்பு. ஸ்வாட், ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபடத் தொழில்நுட்பம், பைத்தான் என்னும் நிரல்மொழி மூன்றும் கைக்கு வந்தால் வெள்ள முன்னறிவிப்பு, பாசனத் திட்டம் என்று எங்கும் போகலாம்.

ஸ்வாட் இலவசம். ஏதாவது ஒரு சிறிய ஆற்றுப்படுகைக்கு அதை இங்கேயே ஓட்டிப் பார்க்கட்டும். கணக்கும் அளந்த நீரோட்டமும் ஒத்துப்போகாமல் அவளை இராத்திரி வரை உட்கார வைக்கும். அது சலிப்பாக இருந்தால் வேறு துறை பார்க்கலாம்.

பேராசிரியரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: குழாய் வாயில் பல ஆண்டுகள் அளந்த தரவு கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஆய்வு வெறும் எண் விளையாட்டு. அடுத்து பணம். கல்விக் கட்டணமும் மாத உதவித்தொகையும் சேர்ந்த அசிஸ்டன்ட்ஷிப் கடிதம் எழுத்தில் வராமல் வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள்.