ஆயில் கூலர் வாங்குவதற்கு முன் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: 1972 மாடல் வோக்ஸ்வேகன் கேம்பர் வேன் வைத்திருக்கிறேன், 1600 சிசி ஏர்-கூல்டு இன்ஜின். நீண்ட ஏற்றம் ஏறினால் ஆயில் சூடு 125 டிகிரியைத் தொடுகிறது. அப்புறம் ஐடிலில் நிற்கும்போது ஆயில் லைட் (ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு) மினுக்குகிறது. வெளியே தனியாக ஒரு ஆயில் கூலர் மாட்டிவிட்டால் போதுமா?

மாட்டினால் கேஜில் எண் குறையும். ஆனால் அது மட்டும் போதாது, உங்கள் வண்டிக்கு அது தேவைப்படாமலே கூடப் போகலாம். இந்த இன்ஜினில் ஆயில் கூலர் தனியாக வெளியே இல்லை, ஃபேன் தள்ளும் காற்றிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு குளிர்கிறது. அதே காற்றுதான் சிலிண்டருக்கும் அதன் தலையை மூடும் ஹெட்டுக்கும் போகிறது. காற்று குறைந்தால் மூன்றும் சேர்ந்து சூடாகும். அந்த நிலையில் வெளிக்கூலரை மாட்டினால் ஆயில் மட்டும் குளிர்ந்துவிடும், கேஜைப் பார்த்து நீங்களும் நிம்மதியாக ஓட்டுவீர்கள், ஹெட் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். அதனால்தான் முதலில் காற்றைச் சரிசெய்யுங்கள் என்கிறேன்.

அதற்கும் முன்னால் கேஜ் சொல்வது உண்மையா என்று பாருங்கள். சென்சரைக் கழற்றி, அதன் உடம்பை ஒரு வயரால் எர்த் செய்து, கொதிக்கிற தண்ணீரில் அதன் முனையை விடுங்கள். முள் 100-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 115 காட்டினால் உங்கள் பிரச்சினையில் பாதி கேஜில் இருக்கிறது.

கேஜ் சரியென்றால் இன்ஜினைச் சுற்றியுள்ள தகரத்துக்கு வாருங்கள். இந்த வண்டியில் இன்ஜின் அறை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சிலிண்டரையும் எக்ஸாஸ்ட்டையும் தொட்டு வந்த சூடான காற்று. இரண்டையும் பிரிப்பது தகரமும் அதன் ஓரத்தில் ஓடும் ரப்பர் சீலும்தான். சீல் கிழிந்திருந்தால் ஃபேன் கீழே போன சூட்டையே திரும்ப உறிஞ்சும். இருட்டிய பிறகு வண்டிக்கு அடியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லி, நீங்கள் மேலே இன்ஜின் அறையைப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சூடும் ஏறி வரும் இடம். ஸ்பார்க் பிளக் வயர் நுழையும் ரப்பர் மூடிகளையும் மறக்காதீர்கள். சின்னதாகத் தெரியும், ஆனால் நான்கு ஓட்டையிலும் ஃபேன் காற்று வெளியே ஓடுகிறது.

அடுத்தது கூலர். 1971 மாடலிலிருந்து வந்த இன்ஜின்களில் கூலரை மூன்றாவது சிலிண்டரின் காற்றுப் பாதையிலிருந்து நகர்த்தித் தனி அறையில் வைத்தார்கள், கூலர் சூட்டை வெளியே கொண்டுபோகத் தனித் தகரக் குழாயும் கொடுத்தார்கள். இன்ஜினை இறக்கி ஏற்றும்போது பலர் தவறவிடுவது இந்தத் துண்டுத் தகரத்தையும், கூலரைச் சுற்றி ஒட்ட வேண்டிய ஃபோமையும்தான். என் கையில் வந்த ஒரு வண்டியில் இரண்டுமே இல்லை, போதாததற்கு கூலர் துடுப்புகளுக்கு நடுவில் ஆயில் கசிவும் தூசியும் கலந்து கெட்டியான களிம்பு போல அடைத்திருந்தது. கழுவி, தகரத்தையும் ஃபோமையும் போட்டதும் அதே பாதையில் சூடு நன்றாக இறங்கியது. வேறு எதையும் நான் மாற்றவில்லை.

ஃபேனைச் சுற்றும் பெல்ட்டைக் கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 15 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து வெளிப்பக்கம் போடுங்கள், இறுகிவிடும். இக்னிஷன் டைமிங் அதிகமாக அட்வான்ஸ் ஆகியிருந்தாலும் (அதாவது ஸ்பார்க் மிகவும் முன்னதாக விழுந்தாலும்), கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவாக இருந்தாலும் சூடு ஏறும். இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

லைட் மினுக்குகிறதே என்று கெட்டியான ஆயிலை ஊற்றாதீர்கள். கெட்டியான ஆயில் குளிரில் கூலருக்குள் போகாமல் ரிலீஃப் வால்வு (ஆயில் அழுத்தம் கூடினால் திறந்து வழிவிடும் வால்வு) வழியாக நழுவிவிடும். உங்கள் இன்ஜினில் இரண்டு வால்வுகள் இருக்கும், புல்லி பக்கம் உள்ளது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயில் கூலரைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் வால்வுக்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் விரலுக்கு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். மொத்தமே 2.5 லிட்டர் ஆயில், பேப்பர் ஃபில்டரும் கிடையாது, வெறும் வலைதான். அதனால் நல்ல 20W-50 போட்டு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றுவதால் குளிர்ச்சி கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கனமான சுமையோடு ஏறும்போது 120-ஐத் தாண்டினால், அப்போது வெளிக்கூலர் நியாயம். உள்ளே இருக்கும் கூலரைக் கழற்றாதீர்கள். புதியதை இன்ஜின் விடும் சூடான காற்று படாத இடத்தில், சொந்த ஃபேனோடு வையுங்கள், தெர்மோஸ்டாட் (ஆயில் சூடாகும் வரை அதைக் கூலருக்கு அனுப்பாமல் தடுப்பது) கட்டாயம் வேண்டும். ஆயில் 80 டிகிரிகூட எட்டாமல் ஓடினால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது.

ஏற்றத்தில் மேல் கியரில் முக்க விடாதீர்கள். ஃபேன் இன்ஜினோடு சுற்றுகிறது, சுற்று குறைந்தால் காற்றும் குறையும். மூன்றாவது கியருக்கு இறங்கி நிதானமாக ஏறுங்கள், உச்சியில் நின்றால் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். ஐடிலில் மினுக்கும் லைட் லேசாக ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அணைந்தால் வீடு வரை மெதுவாகப் போகலாம். அணையாமல் நின்று எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.