வாசகர் கேள்வி: அமெரிக்க அதிபர்களை எப்படி எடைபோடுவது?

கேள்வி: என் மகன் டெக்சாஸிலும், மகளின் கணவர் நியூ ஜெர்சியிலும் வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்கு வந்திருந்தபோது, ஒபாமா, டிரம்ப், பைடன் ஆகியோரில் நாட்டைக் கெடுத்தவர் யார் என்று தொடங்கிய பேச்சு, மாமன் மச்சான் இருவரும் ஒரே பந்தியில் உட்கார மறுக்கும் அளவுக்குப் போய்விட்டது. இருவரும் விவரத்தோடுதான் பேசுகிறார்கள். நான் யாரை நம்புவது?

– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: இருவர் சொல்லும் விவரங்களும் உண்மையாகவே இருக்கலாம், அம்மா, பிழை நேர்வது பெரும்பாலும் அவற்றை யார் கணக்கில் எழுதுவது என்னும் இடத்தில்தான். இது உங்கள் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பழுதுபட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக, ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டியவர் கருணாநிதி. 2013-இல் திறந்து வைத்தவர் ஜெயலலிதா. மேடையில் பேசுவோர் இவ்விரண்டு ஆண்டுகளில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

ஆஃப்கானிஸ்தான் விவகாரமும் அப்படிப்பட்டதே. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானதும், விமான நிலையத் தாக்குதலில் 13 அமெரிக்க வீரர்களும் அவர்களைவிடப் பன்மடங்கு ஆஃப்கானியரும் மாண்டதும் பைடன் ஆட்சியில். ஆனால், படைகளை 2021 மே மாதத்துக்குள் விலக்கிக்கொள்வதாகத் தாலிபானுடன் தோஹாவில் ஒப்பந்தம் செய்தது, 2020 பிப்ரவரியில், டிரம்ப் அரசு. வெளியேறுவது என்ற முடிவு இருவருக்கும் பொது. ஆஃப்கன் அரசை அந்தப் பேச்சுவார்த்தைக்கு வெளியே நிறுத்திய பிழை டிரம்புடையது. வெளியேறிய விதத்தின் சீர்குலைவுக்கு பைடனே பொறுப்பு என்பது என் தீர்ப்பு. உங்கள் மகனும் மருமகனும் இதில் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டுதான் சண்டையிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வங்கிகளை மீட்க 70,000 கோடி டாலர் வரை செலவிட அனுமதித்த சட்டமும் இப்படித்தான். 2008 அக்டோபரில் அதில் கையொப்பமிட்டவர் ஜார்ஜ் புஷ் என்பதை மறந்து, பலர் அதை ஒபாமாவின் தலையில் கட்டுகிறார்கள். 2010-இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு குடியரசுக் கட்சி வாக்கும் இல்லாமல் நிறைவேறியதால், அதன் நன்மையும் குறையும் ஒபாமாவையும் அவருடைய கட்சியையுமே சேரும்.

ஒரே மனிதரின் கணக்கிலும் இரண்டு பக்கம் உண்டு. புஷ் 2003 மார்ச்சில் ஈராக்கின் மீது படையெடுத்தார். இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டிய அந்தப் போரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான உதவித் திட்டத்துக்குக் கையொப்பமிட்டவரும் அவரே; ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் அந்தத் திட்டத்தின் மருந்தால் உயிர் பிழைத்தார்கள். அடுத்த முறை வாக்குவாதம் மூண்டால், எந்த ஆண்டு, எந்த மாதம், கையொப்பம் யாருடையது என்று மட்டும் கேளுங்கள். இருவரும் தேடிப் பார்த்துச் சொல்லும் வரையிலாவது ஒரே பந்தியில் உட்காருவார்கள்.